பெட்டி எண்ணை யார் எழுத வேண்டும்?

மென்பொருள் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு புலம்பல் தவறாமல் வரும். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் கேட்டிருக்கிறேன். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வாசலுக்கு எதிர்ப்புறம் டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். "யூசருக்கு பக் ரிப்போர்ட் எழுதத் தெரியல சார். எந்த ஓஎஸ், எந்த வெர்ஷன், எவ்வளவு ரேம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. 'வேலை செய்யல'னு ஒரே வரி. இதை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

புலம்பலோடு நின்றிருந்தால் எனக்கு இதை எழுத வேண்டிய வேலை இல்லை. புலம்பல் விதியாகிவிட்டது. கணினி விவரம் திரட்டித் தருவது பயனரின் கடமை, விவரம் இல்லாத புகாரை ஏறெடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று இன்று பெரும்பாலான குழுக்கள் நம்புகின்றன. அதற்காகவே நட்சத்திரக் குறி போட்ட கட்டங்கள் நிறைந்த படிவம் இருக்கிறது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் படிவம் போகாது. போன பிறகும் "கூடுதல் தகவல் தேவை" என்று ஒரு பதில் வரும். பதினைந்து நாள் பதில் இல்லையென்றால் டிக்கெட் க்ளோஸ். மாதக் கடைசியில் எத்தனை டிக்கெட் க்ளோஸ் ஆனது என்ற கணக்கு மேலாளரின் மேசைக்குப் போகும்.

இந்தக் கருத்து அடியோடு தவறு என்பது என் கட்சி. பல ஆண்டுகள் இதே விதியை நம்பி, என் கையாலேயே டிக்கெட்டுகளை மூடியவன் நான். அதில் ஒன்றைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

சேலையூர்ப் பக்கம் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று சிறு நூலகம் நடத்துகிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர். தாம்பரம் மின்ரயில் பணிமனையில், அவர் வாயில் "கார் ஷெட்டுல", முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நான் அப்போது இருந்த சிறு நிறுவனம் செய்த நூலக மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவரிடமிருந்து புகார் வந்தது: "ஸ்ரீ என்று தொடங்கும் உறுப்பினர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. பட்டியலில் இருக்கிறார்கள், தேடினால் வருவதில்லை." இயங்குதளம் என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: "இரண்டு கணினி இருக்கிறது. எதை எழுதுவது?" பதிப்பு என்ற கட்டத்தில் கணினியின் பிராண்டு பெயர். மீதிக் கட்டங்களில் ஒரு சின்னக் கோடு.

போதிய தகவல் இல்லை என்று மூடினேன். அவர் மறுபடி அனுப்பினார். மறுபடி மூடினேன். மூன்றாவது முறை தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமில்லை, குரலில் ஒரு சோர்வு இருந்தது. "தம்பி, நீங்க கேக்கறது எனக்குப் புரியல. நான் சொல்றது உங்களுக்குப் புரியலையா?" அந்தச் சனிக்கிழமை மின்ரயில் பிடித்துப் போனேன்.

மேசை மேல் பழைய விண்டோஸ் கணினி ஒன்று. பக்கத்தில் அவர் பேத்திக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வந்த முதல் மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. சி-டாக் சென்னையும் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து 2005இல் தொடங்கிய, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் வழியாக வந்த இயங்குதளம்தான் பாஸ். மாலையில் வரும் மாணவர்கள் இந்த மடிக்கணினியில்தான் உறுப்பினர் பெயரை உள்ளிடுவார்கள். யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்களோ அதுதான் அன்றைக்கு இயங்குதளம். பெரியவர் எழுதியது எவ்வளவு சரியான பதில் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் படிவத்தில்தான் இரண்டு விடைக்கு இடமில்லை.

பிழை எங்கே இருந்தது? ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஸ என்ற எழுத்துக்குப் புள்ளி வைத்து ரீ சேர்ப்பது ஒன்று. 2005இல் வந்த யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶ என்ற எழுத்துக்குப் புள்ளி வைத்து ரீ சேர்ப்பது இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரியும். உள்ளே எண்கள் வேறு. ஒரு கணினியின் தட்டச்சுக் கருவி முதல் விதத்தில் எழுதியது, மற்றதன் கருவி இரண்டாவது விதத்தில். ஒன்றில் உள்ளிட்ட ஸ்ரீதரை மற்றதில் தேடினால் கிடைக்க மாட்டார். யூனிகோடின் வழக்கமான சீராக்கம்கூட இந்த இரண்டையும் ஒன்றாக்காது. நாம்தான் தனியாகக் கவனித்து எழுத வேண்டும்.

எங்கள் படிவத்தில் இருந்த அத்தனை கட்டங்களையும் அவர் பிசகில்லாமல் நிரப்பியிருந்தாலும் இந்தப் பிழை எங்களுக்குப் பிடிபட்டிருக்காது. ரேம், செயலி, திரை அளவு எல்லாம் கேட்டோம். எந்த விசைப்பலகையில் தட்டச்சு செய்தீர்கள் என்று கேட்கவே இல்லை. அவர் எழுதிய இரண்டு வாக்கியமும், "இரண்டு கணினி இருக்கிறது" என்ற அந்த மூன்றாவது வாக்கியமும்தான் முழுப் புகார். தேவையான எல்லாம் அதில் இருந்தது. படிக்கத் தெரியாதவன் நான்.

காபி கொடுத்துவிட்டு அவர் ஒன்று சொன்னார். பெட்டியில் மின்விசிறி ஓடவில்லை என்று பயணி புகார் சொன்னால், பெட்டி எண் கேட்பார்களாம். பயணி நிமிர்ந்து பார்த்தால் சுவரிலேயே இருக்கும். உள்ளேயும் எழுதியிருக்கும், வெளியேயும் எழுதியிருக்கும். அந்த எண்ணை வைத்துப் பெட்டி எந்த ஆலையில் கட்டியது, எந்த வருஷம், கடைசியாக எப்போது பணிமனைக்கு வந்தது என்று எல்லாவற்றையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். "பயணிகிட்ட போய் இந்தப் பெட்டில என்ன மோட்டார்னு கேக்க மாட்டோம் தம்பி. நம்பரை நாங்கதானே எழுதி வெக்கணும்."

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனை கோடிப் பேர் ஏறி இறங்கியிருப்பார்கள்! அவர்களில் ஒருவருக்கும் மின்பொறியியல் தெரிந்திருக்க வேண்டிய தேவை வரவில்லை. என் வாதம் முழுவதும் அந்தப் பெரியவர் சொன்ன வாக்கியத்துக்குள் அடங்கும். கணினி விவரத்தைத் திரட்டுவது மென்பொருளின் வேலை. திரட்டியதைப் பயனரின் கண்முன் வைத்து, அவர் பார்த்து, அவர் கையால் அனுப்பும்படி செய்வதும் அதன் வேலையே. பயனர் சொல்ல வேண்டியது, தான் என்ன செய்தார், என்ன நடந்தது என்பது மட்டும்.

எதிர்க்கட்சியார் இதற்கு ஆதாரம் காட்டுவார்கள். சைமன் டாத்தம் 1999இல் எழுதிய, பிழை அறிக்கை எழுதுவது எப்படி என்ற கட்டுரையை எடுத்து நீட்டுவார்கள். புட்டி என்ற மென்பொருளைச் செய்தவர் அவர். உலகம் முழுக்க நிரலர்கள் பயனர்களுக்கு அனுப்பிவைக்கும் கட்டுரை அது. அதை ஊன்றிப் படியுங்கள். அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது, நீங்கள் செய்ததையும் கண்ணால் கண்டதையும் உள்ளபடி சொல்லுங்கள் என்பதைத்தான். பிறகு அவருடைய மென்பொருளையும் திறந்து பாருங்கள். 'அபவுட்' பெட்டியில் எந்தப் பதிப்பு, எந்தத் தளத்துக்காகக் கட்டப்பட்டது, எந்தக் கம்பைலரால் கட்டப்பட்டது என்று அதுவே எழுதி வைத்திருக்கும். இணைப்பில் என்னென்ன நடந்தது என்பதை நிகழ்வுப் பதிவாக வைத்திருக்கும், நகலெடுக்க ஒரு பொத்தானும் இருக்கும். கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பொத்தானைப் பார்த்ததில்லை.

இன்னொரு ஆதாரம் என் பக்கம் இருக்கிறது. நல்ல பிழை அறிக்கை எது என்று அப்பாச்சி, எக்லிப்ஸ், மொசில்லா ஆகிய மூன்று திட்டங்களின் நிரலர்களையும் புகார் எழுதுகிறவர்களையும் கேட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. பதில் அனுப்பியவர்கள் 466 பேர். பிழையை மீண்டும் வரவழைக்கும் படிகள்தான் பெரிதும் பயன்படுகின்றன என்று நிரலர்கள் சொன்னார்கள். அடுத்து, நிரல் விழுந்த இடத்தைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸ். இயங்குதளமும் வன்பொருளும் பட்டியலின் அடியில் கிடந்தன. நாம் நட்சத்திரக் குறி போட்டுக் கட்டாயப்படுத்துவது அந்த அடிப்பகுதியைத்தான். படிகளை எழுத வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் பயனர் களைத்துப் போயிருப்பார்.

சரி, பயனர் கற்றுக்கொள்ளட்டுமே, விண்டோஸில் 'வின்வெர்' என்று அடித்தால் பதிப்பு வந்துவிடுகிறதே என்பார்கள். எந்தப் பதிப்பு? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பல தளங்களில் ஓடும் மென்பொருள் செய்கிறவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். 2021இல் விண்டோஸ் 11 வந்தது. உள்ளே அதன் எண் இன்னும் 10.0தான். 22000 அல்லது அதற்கு மேற்பட்ட பில்ட் எண்ணைப் பார்த்துத்தான் பதினொன்று என்று அறிய முடியும். விண்டோஸ் 8.1 முதல், தனக்கு அந்தப் பதிப்பு தெரியும் என்று முன்கூட்டியே அறிவிக்காத நிரல் பதிப்பு எண்ணைக் கேட்டால் 6.2 என்றே பழைய விடை கிடைக்கும். 2020இல் வந்த மேக்ஓஎஸ் 11, பழைய கருவிகளால் கட்டிய நிரல்களிடம் தன்னை 10.16 என்று சொல்லிக்கொள்ளும். உலாவிகளை நம்பலாமா? விண்டோஸ் 11இல் ஓடும் குரோமும் வலைத்தளத்திடம் விண்டோஸ் 10.0 என்றே சொல்கிறது. மேக்கில் எந்தப் பதிப்பாக இருந்தாலும் 10.15.7. ஆண்ட்ராய்டில் எந்தப் போனாக இருந்தாலும் ஆண்ட்ராய்டு 10. பயனரின் தனியுரிமைக்காக வேண்டுமென்றே அப்படி உறைய வைத்திருக்கிறார்கள், அது நல்ல காரணம்தான்.

லினக்ஸ் இன்னொரு கதை. முன்பெல்லாம் ஒவ்வொரு விநியோகமும் தன் பெயரை ஒவ்வொரு கோப்பில் வைத்திருந்தது. டெபியன் மேல் கட்டப்பட்ட பாஸ் லினக்ஸில் டெபியனின் பதிப்புக் கோப்பைப் படித்த நிரல், இது டெபியன் என்றே முடிவுகட்டிவிடும். பிறகு 'ஓஎஸ்-ரிலீஸ்' என்ற பொதுக் கோப்பு வந்தது, நிம்மதி. அதற்குப் பிறகு ஃப்ளாட்பேக், ஸ்னாப் என்ற உறைகள் வந்தன. உறைக்குள் இருக்கும் நிரல் அந்தக் கோப்பைத் திறந்தால் உறையின் பெயர்தான் தெரியும், வீட்டின் பெயர் தெரியாது.

இத்தனை சிக்கலையும் அறிந்து, எந்த எண் மெய், எந்த எண் பழக்கதோஷம் என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் யார்? மேற்குத் தாம்பரத்தில் திருமணப் பத்திரிகை அச்சடிக்கும் அக்காவா? ஆறு ஆண்டு அனுபவம் என்று சுயவிவரத்தில் எழுதிக்கொள்ளும் நாமா?

அந்த அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்துக்கு மேற்கே இருக்கும் டிடிபி கடைகளில் இன்றும் பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறவர்கள் உண்டு. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. இருபது வருஷத்துக் கோப்புகளும் கைப்பழக்கமும் அரசாணையால் ஒரே நாளில் மாறிவிடாது. ஒரு புதிய வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு எழுத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் சொன்ன வாக்கியம் இது: "கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது தம்பி. புள்ளி வட்டம் வேற வருது."

தமிழ் எழுத்து திரையில் எப்படி உருவாகிறது என்று தெரிந்தவருக்கு இதைவிடத் துல்லியமான பிழை அறிக்கை கிடையாது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்தை வடிவமைக்கும் எஞ்சினின் வேலை. கொம்பு பின்னால் நின்றால், அந்த மென்பொருள் தமிழ் வரியை அந்த எஞ்சினிடம் கொடுக்கவே இல்லை என்று பொருள். புள்ளி வட்டம் வந்தால், துணைக்குறி தன் மெய்யெழுத்தைவிட்டுப் பிரிந்துவிட்டது. அக்காவுக்கு எஞ்சின் தெரியாது. கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும், அது போதும். அந்த வாக்கியத்தை மென்பொருளைச் செய்த நிறுவனத்துக்கு அவர் அனுப்பியபோது வந்த பதில், கிராபிக்ஸ் கார்டு விவரம் அனுப்புங்கள் என்பது.

இங்கேதான் எனக்கு மனம் கொதிக்கிறது. வழக்கமான கணினி விவரப் பட்டியல்கள் தமிழை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. விண்டோஸின் 'எம்எஸ்இன்ஃபோ'வைத் திறந்தால் மதர்போர்டு முதல் எல்லாம் வரும். இந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தது தமிழ்99 விசைப்பலகையிலா, ஒலியியல் விசைப்பலகையிலா என்று வராது. லினக்ஸில் 'யுநேம்' கர்னல் பதிப்பைச் சொல்லும். ஐபஸ் வழியாக எழுத்து வந்ததா, ஃபிசிடிக்ஸ் வழியாக வந்ததா, திரை வேலாண்டில் ஓடுகிறதா, பழைய எக்ஸில் ஓடுகிறதா என்று சொல்லாது. தமிழ் உள்ளீட்டுப் பிழைகளில் நான் பார்த்த வரையில் விடை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும். கேட்ட எழுத்துரு கிடைக்காமல் கணினி தானாக வேறு எழுத்துருவுக்குத் தாவியதா என்பதையும் எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

கோப்புப் பெயரில் இன்னொரு வலை இருக்கிறது. மேக்கின் பழைய கோப்பு முறைமை 'கொடி' என்ற பெயரைப் பிரித்து, ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று சேமிக்கும். விண்டோஸில் நாம் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாக இருக்கும். மேக்கில் கட்டிய ஜிப்பை, ஏற்கெனவே ஒரு 'கொடி' இருக்கும் விண்டோஸ் அடைவில் பிரித்தால் இரண்டு 'கொடி' கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பயனர் "ஒரே பேர்ல ரெண்டு ஃபைல்" என்று எழுதுவார். அப்படி இருக்கவே முடியாது என்று நாம் மூடுவோம்.

எனவே, எதைத் திரட்டுவது என்ற கேள்வியை விட்டுவிட்டு எவ்வளவு திரட்டுவது என்று பேசுவதில் பயனில்லை. ஒரு மென்பொருளின் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று அதைச் செய்தவருக்குத் தெரியும். அந்த இடங்களைக் காட்டும் பத்துப் பன்னிரண்டு வரி போதும். லிப்ரெஓபிஸ் இதைச் செய்கிறது. உதவிப் பட்டியலில் 'லிப்ரெஓபிஸ் பற்றி' என்பதைத் திறந்தால் பதிப்பு, பில்ட், இயங்குதளம், திரையை வரையும் முறை, வட்டார அமைப்பு, இடைமுக மொழி எல்லாம் சில வரிகளில் இருக்கும். பக்கத்தில் நகலெடுக்கும் பொத்தான். தமிழ் இடைமுகத்தில் இருந்தாலும் அந்த விவரம் ஆங்கிலத்தில் நகலாகும், உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் நிரலரும் படிக்கலாம். கேடிஇயின் கணினி விவரப் பக்கமும் ஆங்கிலத்தில் நகலெடுக்கத் தனிப் பொத்தான் வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் பழுதறி பக்கத்திலும் நகல் பொத்தான் உண்டு. இவை எட்டாத தொழில்நுட்பம் இல்லை. க்யூடி நூலகத்தில் இயங்குதளத்தின் பெயர், கர்னல், செயலி வகை ஆகியவற்றைக் கேட்டு வாங்க ஆயத்த வகுப்பு இருக்கிறது. பைத்தானில் அதற்கென்றே ஒரு மாட்யூல். விசைப்பலகையும் எழுத்துருவும் நாம் எழுத வேண்டியவை. பயிற்சிப் பணியாளர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை.

இவ்வளவு சொன்னதும் எதிர்க்கட்சி கட்சி மாறும். "அப்படியானால் பயனரைக் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் பின்னணியில் திரட்டிச் சர்வருக்கு அனுப்பிவிடுவோம். அவருக்கும் தொல்லை இல்லை, நமக்கும் தொல்லை இல்லை." கேட்க இதமாக இருக்கும் இந்தப் பேச்சை நான் முதலாவதைவிடக் கடுமையாக எதிர்க்கிறேன்.

கோப்பின் பாதையில் பயனரின் பெயர் இருக்கும். கணினிக்குப் பலர் தம் பெயரையோ பிள்ளை பெயரையோ வைத்திருப்பார்கள். வைஃபையின் பெயரில் வீட்டு எண் இருக்கும். சூழல் மாறிகளில் கடவுச்சொல் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். நிரல் விழும்போது எடுக்கும் நினைவகப் பிரதியில் அந்த நேரம் திரையில் இருந்த எதுவும் இருக்கலாம். பரிசோதனைக்கூடத்தின் கணினி என்றால் அது ஒரு நோயாளியின் பெயரும் அவருடைய ரத்தச் சர்க்கரையும். உபுண்டுவின் அப்போர்ட் கருவி திரட்டும் விபத்து அறிக்கைகள் லாஞ்ச்பேட் என்ற பிழைப் பதிவுத் தளத்தில் முதலில் எல்லோர் கண்ணிலும் படாதபடி மறைத்தே வைக்கப்படுகின்றன. காரணம் இதுதான். 2023இல் நம் நாட்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, ஒப்புதல் வாங்கி, அதற்கு மட்டும் எடுக்க வேண்டும் என்பதே அதன் உயிர்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். முதல் கருத்து, பயனரைச் சம்பளமில்லாத உதவியாளராக்கி வேலை வாங்கியது. இந்தக் கருத்து அவரை அறையைவிட்டே வெளியே அனுப்புகிறது. இரண்டிலும் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. "கொம்பு பின்னாடி நிக்குது" என்ற வாக்கியம் எந்தப் பின்னணித் திரட்டலிலும் வராது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை ஒரு பிழையும் நடக்கவில்லை. நிரல் விழவில்லை, பதிவேட்டில் சிவப்பு வரி இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு கண் பார்த்ததால் மட்டுமே அது பிழை.

கேட்டால் மக்கள் தர மாட்டார்கள் என்ற அச்சமும் வீண். 2018இல் உபுண்டு 18.04 வந்தபோது, நிறுவி முடித்ததும் உங்கள் கணினி விவரத்தை அனுப்பலாமா என்று ஒரு திரை கேட்டது. என்ன அனுப்பப்போகிறது என்பதை அப்படியே திறந்து காட்டவும் செய்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அனுப்பச் சம்மதித்தார்கள் என்று உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனம் அறிவித்தது. 'அனுப்பு' என்பதை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருந்தார்கள் என்ற குறை அதற்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும், தனியுரிமையில் மிகுந்த கண்டிப்புக் காட்டும் லினக்ஸ் கூட்டத்திலேயே இத்தனை பேர் கொடுத்தார்கள்.

இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது, அதற்கு மட்டும் நான் தலை வணங்கிப் பதில் சொல்ல வேண்டும். கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் கூலி வாங்காமல் உழைப்பவர்களின் மறுப்பு அது. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவு பதினொரு மணிக்குப் புகார்களைத் திறக்கிறார் ஒருவர். நாற்பது புகாரில் முப்பது "வேலை செய்யல". அவரிடம் போய் மின்ரயில் ஏறிச் சேலையூர் போ என்று சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் மாட்டேன். பதில் சொல்லாமல் விடுவதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. அவருக்குத்தான் அந்தப் பொத்தான் எல்லாரையும்விடத் தேவை. ஒருமுறை எழுதிவிட்டால் "எந்த வெர்ஷன்?" என்று முப்பது முறை கேட்கும் இரவுகள் மிச்சம். திரைக்காட்சி இயக்கி, கர்னல் போன்ற அடிமட்டப் பிழைகளுக்கு முழு வன்பொருள் பட்டியல் வேண்டும் என்பதும் உண்மை. அங்கே இரண்டாம் சுற்றில், இன்ன காரணத்துக்காக இதை இயக்கி அனுப்புங்கள் என்று சொல்லிக் கேட்கலாம். வாசலிலேயே எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வெறும் "வேலை செய்யல" என்று வரும் புகார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை இருக்கின்றன, என் பொத்தான் வந்தாலும் இருக்கும். ஆனால் அதை எழுதியவர் அதற்கு முன் எத்தனை இடத்தில் விரிவாக எழுதி, எத்தனை முறை மூடப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது. அந்தப் பெரியவரின் நாலாவது புகார் அநேகமாக ஒரே வரியாகத்தான் இருந்திருக்கும். அல்லது வந்தே இருக்காது, உறுப்பினர் பட்டியலை நோட்டுப் புத்தகத்துக்கு மாற்றியிருப்பார்.

சேலையூரிலிருந்து திரும்பிய வாரத்தில் தேடலைத் திருத்தினோம், இரண்டு ஸ்ரீயும் ஒன்றாகத் தேடப்பட்டன. பொத்தானுக்கு இரண்டு மாதம் ஆனது. இரண்டு நாள் வேலைக்கு மேலாளரைச் சம்மதிக்க வைக்கத்தான் மீதி நாள் போனது. பொத்தானின் பெயர் 'விவரத்தைக் காட்டு'. அழுத்தினால் பன்னிரண்டு வரி வரும். தமிழில் மேலே, ஆங்கிலத்தில் கீழே. எந்த வரியையும் அழித்துவிட்டு அனுப்பலாம். படிவத்தில் நட்சத்திரக் குறி போட்ட கட்டம் ஒன்றுதான்: என்ன நடந்தது?

அந்தப் பதிப்பில் முதல் புகாரை அனுப்பியவரும் அவர்தான். அபராதத் தொகை ஒரு ரூபாய் கூடுதலாக வருகிறது என்று எழுதியிருந்தார், எந்தப் புத்தகம், எந்தத் தேதி என்றும் எழுதியிருந்தார். கீழே விவரம் பதினோரு வரி இருந்தது. அழித்த ஒரு வரிக்குப் பதிலாக அவரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "ஒன்பதாவது வரியில் என் பெயரோடு ஒரு ஃபோல்டர் வருகிறது. இது உங்களுக்கு எதற்கு?"

நாங்கள் நாலு பேர் அந்தக் குறிப்பைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தோம். எதற்கு என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு அவருக்குத் தகவல் சொன்னேன். "சரி தம்பி, அபராதம் என்னாச்சு?" என்று கேட்டார்.